வானோடு போகும் அடுப்பு: புத்தளம் கரைக்கு எது பொருந்தும்?

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கட்டுநாயக்கவிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக வடக்கே போகும் ஹயஸ் வான்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள். லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு போக யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்த உறவுகள், நடுவில் பாட்டி. முன்பெல்லாம் இந்தப் பாதையில் நிற்காமல் ஓடுவார்கள். இப்போது புத்தளம் கரையில் ஓரிரு நாள் தங்கிப் போகும் வழக்கம் வந்திருக்கிறது. கற்பிட்டியில் மீன், களப்பில் இறால், தலவில அன்னம்மாள் தேவாலயம் என்று காரணங்கள் பல. வெளிநாட்டில் கரவன் விடுமுறைக்குப் பழகிய பிள்ளைகள் பார்பிகியூ கேட்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுட்ட மீன் என்றால் போதும்.

இந்தப் பாதையில் வேலைக்காகவும் உறவுகளோடும் பல தடவை போய்வந்திருக்கிறேன். என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, “எந்த அடுப்பு வாங்கலாம்? அங்கேயிருந்து கொண்டுவரவா, இங்கே எடுக்கலாமா?” என்பது. கடையில் விற்பவர் விலையையும் அளவையும் சொல்வார். அடுப்பை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கமாட்டார். இந்தக் கரையில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

காற்றும் மணலும்

கற்பிட்டி ஒரு நீண்ட ஒடுங்கிய தீபகற்பம். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை, தலவில தாண்டி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் தண்ணீர். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று இங்கே பலமாக அடிக்கும். பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் இங்கே வருவது இந்தக் காற்றுக்காகத்தான். புலம்பெயர்ந்தவர்களின் விடுமுறை மாதங்களும் இதே மாதங்கள். மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் என்பதால் ஓகஸ்டில் புல்லும் தென்னோலையும் காய்ந்து கிடக்கும்.

இந்தக் காற்றில் திறந்த அடுப்பு மூன்று விதமாகச் சிரமம் தரும். எரிவாயுச் சுவாலை அணைந்துபோகும், வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். கரி தேவைக்கு மேல் வேகமாக எரிந்து மீனின் வெளிப்பக்கத்தைக் கருக்கும். பொறி பறந்து ஓலையிலோ வலையிலோ விழும். ஆகவே இங்கே மூடியில்லாத அடுப்பை வாங்கவேண்டாம். மூடியிலும் அடியிலும் காற்றுத் துவாரம் இருந்து, அவற்றைத் திறந்து மூட முடியவேண்டும். நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தத் துவாரங்களால்தான். சமையல் முடிந்ததும் இரண்டையும் மூடிவிட்டால் கரி காற்றில்லாமல் தானாக அடங்கும், மிச்சக் கரியை அடுத்த நாளும் பாவிக்கலாம்.

மணலில் அடுப்பின் கால்கள் புதையும், ஒரு பக்கம் சாயும். மெல்லிய கம்பிக்கால் அடுப்பென்றால் ஒரு பலகைத் துண்டோ தட்டையான கல்லோ கொண்டுபோய்க் கால்களுக்கு அடியில் வையுங்கள். கால்கள் குறைந்தது ஒரு முழ உயரமாவது இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் நிலத்தோடு ஒட்டிய அடுப்பு கண்ணில் படாது.

கரி: ஊரிலேயே இருக்கிறது

புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்ததுதான் இலங்கையின் தெங்கு முக்கோணம். தேங்காய் இருக்கும் இடத்தில் சிரட்டை இருக்கும், சிரட்டை இருக்கும் இடத்தில் கரி இருக்கும். இந்தப் பக்கத்துச் சிரட்டைக்கரியில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போய், தண்ணீர் சுத்திகரிக்கவும் தங்கம் பிரித்தெடுக்கவும் பயன்படும் செயற்படுத்திய கரியாக மாறிக் கப்பலேறுகிறது. அதே கரிதான் மீன் சுடவும் நல்லது. வெளிநாட்டுக் கடைகளில் அழகான பையில் விற்கும் கரிக்கட்டிகளைத் தேடி அலையத் தேவையில்லை.

நல்ல சிரட்டைக்கரியை அடையாளம் காண்பது இலகு. இரண்டு துண்டுகளைத் தட்டினால் ஓட்டுச் சில்லைத் தட்டியதுபோலக் கணீரென்ற சத்தம் வரும். உடைத்தால் உள்முகம் பளபளக்கும். மண்ணிறமாகவோ நார் ஒட்டியோ இருந்தால் அது முழுதாகக் கரியாகவில்லை, புகைக்கும், மீனில் தார் மணம் ஏறும். சாக்கின் அடியைத் தடவிப் பாருங்கள். தூள் அதிகமென்றால் வேறு சாக்குக் கேளுங்கள். ஈரப்பட்ட கரி நிறையில் கூடும், நெருப்பில் வெடிக்கும்.

சிரட்டைக்கரி மரக்கரியைவிடச் சின்னத் துண்டுகளாக வரும். அகன்ற இடைவெளியுள்ள அடித்தட்டு என்றால் பாதி கீழே விழுந்துவிடும். வாங்கும்போது அடித்தட்டின் கம்பி இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள். சின்னவிரல் நுழைந்தால் அது இந்தக் கரிக்குப் பெரிது. நான்கைந்து பேருக்கு மீன் சுட ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ கரி போதும்.

மூட்டுவதற்குக் காய்ந்த பொச்சும் தென்னம்பாளையும் ஊரிலேயே கிடைக்கும். பெற்றோல் ஊற்றவேண்டாம், மண்ணெண்ணெயும் ஊற்றவேண்டாம். முதலாவது முகத்துக்குப் பாயும். இரண்டாவது மீனில் மணக்கும். அரைகுறையாகப் பற்றிய கரியின்மேல் மறுபடி ஊற்றும்போதுதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. கரி முழுவதும் சாம்பல் படர்ந்து வெளுக்க இருபது, இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். அதற்குள் மீனைக் கழுவிக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் பூசி முடிக்கலாம்.

எரிவாயு: வசதியும் கவனமும்

எரிவாயு அடுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 220 கிராம் அளவான தகரக் குப்பியை உள்ளே செருகிப் பாவிக்கும் பெட்டி அடுப்பு. மற்றது, சின்ன சிலிண்டரில் குழாய் பொருத்திப் பாவிப்பது. தேநீர் வைக்கவும் குழந்தைக்குப் பால் காய்ச்சவும் முதலாவது நல்லது. மீன் சுடுவதற்கு அவ்வளவு ஏற்றதல்ல.

குப்பி அடுப்பில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அகலமான தோசைக்கல்லையோ இரும்புத் தட்டையோ மேலே வைத்தால் அது குப்பி இருக்கும் பக்கத்துக்கும் நீண்டு சூட்டைக் கீழே திருப்பும். குப்பி சூடாகி வெடிக்கலாம். அடுப்பைவிட அகலமான பாத்திரம் வைக்கவேண்டாம். இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தட்டை ஏற்றுவதும் ஆபத்து. இந்தக் குப்பிகளை 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அவற்றிலேயே எழுதியிருக்கும். பூட்டிய வான் ஒன்று மதிய வெயிலில் அந்தச் சூட்டைத் தாண்டும். கடலில் குளிக்கப் போகும்போது குப்பிகளை வானிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள்.

குளிர்நாட்டில் பழகியவர்கள் புரொப்பேன் கலந்த விலைகூடிய குப்பி தேடுவார்கள். தனிப் பியூட்டேன் பூச்சியம் பாகையை ஒட்டி ஆவியாகாமல் நின்றுவிடும் என்பதால் அங்கே அது தேவை. புத்தளத்தில் மலிவான பியூட்டேன் குப்பியே போதும். எந்தக் குப்பியையும் விமானத்தில் கொண்டுவர முடியாது, கைப்பையிலும் முடியாது, பெட்டியிலும் முடியாது. அடுப்பைக் கொண்டுவருவதென்றால் முதலில் இங்கே கிடைக்கும் குப்பி அதற்குப் பொருந்துமா என்று பாருங்கள். செருகும் வகையும் திருகும் வகையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் ரெகுலேற்றரும் இங்கத்தைய சிலிண்டரில் பொருந்தும் என்று எண்ணவேண்டாம். அதை வயர் சுற்றியோ ரயர் துண்டு வைத்தோ பொருத்த முயலவே கூடாது.

2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாடெங்கும் வீடுகளில் எரிவாயு வெடித்த சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டது அப்போது பெரும் சர்ச்சையாகி, ஜனாதிபதியால் குழுவும் நியமிக்கப்பட்டது. அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் பழகிய ஒன்றை வானிலும் விடவேண்டாம். பொருத்தியதும் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் மூடிவிடுங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. வானுக்குள் கசிந்தால் ஆசனங்களுக்குக் கீழே தேங்கும், மேல் யன்னலைத் திறந்தால் மட்டும் போகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வான்களில் குண்டுச் சத்தத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். எரிவாயு பற்றும்போது வரும் ‘டப்’ என்ற சத்தம் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. என் சின்னம்மா ஒருவர் அந்தச் சத்தத்துக்கு இன்றும் இரண்டு கையாலும் தலையை மூடுவார். பற்றவைக்கமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது பெரிய வேலையல்ல. அப்படியானவர்கள் கூட வந்தால் சத்தமில்லாமல் பற்றும் கரி அடுப்பே நல்லது.

தகடு அடுப்பும் மின்சார அடுப்பும்

ஒருமுறை பாவித்து எறியும் தகடு அடுப்பை வெளிநாட்டில் பூங்காக்களுக்குக் கொண்டுபோவார்கள். இங்கே அது வேண்டாம். மூடி இல்லை, கால் இல்லை, அடியிலுள்ள புல்லையும் வேரையும் எரிக்கும். பாவித்தபின் மணலில் புதைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மணலுக்குள் கரி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அடுத்து அந்த இடத்தில் வெறுங்காலோடு நடப்பது மீனவரின் பிள்ளை.

மின்சார அடுப்பு விடுதியில் தங்குவோருக்கு மட்டும். 2000 வோற் அடுப்பொன்றை 12 வோல்ற் வான் பற்றரியிலிருந்து இயக்கினால் 160 அம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரணப் பற்றரி அதைத் தாங்காது. இரவு மீன் சாப்பிட்டுவிட்டுக் காலையில் வானைத் தள்ளவேண்டி வரும்.

எந்த உலோகம்?

உப்பளத்துக்குப் பேர்போன ஊரில் காற்றிலும் உப்புத்தான். கறுப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய தகரம் இரண்டு, மூன்று பயணத்தில் துருப்பிடிக்கும். ஒரு பயணத்துக்கென்றால் பரவாயில்லை. வருடாவருடம் பாவிப்பதென்றால் எவர்சில்வர் நல்லது. அதிலும் தரம் உண்டு. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். கடல்காற்றைத் தாங்கும் 304 வகையில் காந்தம் ஒட்டாது, மடிப்புகளில் மட்டும் இலேசாக இழுக்கலாம். நன்றாக ஒட்டினால் அது மலிவான வகை, புள்ளிபுள்ளியாகத் துருவேறும். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பாரம், ஒவ்வொரு முறையும் எண்ணெய் பூசித் துணியில் சுற்றவேண்டும்.

வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விப்பது மலிவானதும் உறுதியானதும். பழைய வாகன றிம்மில் கால் வைத்துச் செய்த அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றுக்கு அசையாது. செய்விக்கும்போது இரண்டு விடயம் சொல்லிவிடுங்கள். மேல்வலைக்கு நாகம் பூசிய வேலிக்கம்பி வலையைப் போடவேண்டாம். அந்தப் பூச்சு சூட்டில் புகையாகி மூச்சுக்குள் போனால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பீப்பாயை வெட்டிச் செய்வதென்றால் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்கவேண்டும். பழைய எரிவாயு சிலிண்டரை வெட்டிச் செய்யக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு மேல்வலை வாங்குங்கள் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளத்துக்குத்தான். ஓலைக் கொட்டில்களில், மூன்று கல் அடுப்பில் தொடங்கிய அந்த வாழ்க்கை இன்று மூன்றாவது தலைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய அயலவர்களைத் தேடிப் புத்தளத்தில் இறங்கும் தமிழ்க் குடும்பங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக இருந்து சாப்பிடும்போது, பன்றி இறைச்சியோ ஹலால் அல்லாத இறைச்சியோ படாத வலை ஒன்று தனியாக இருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. “இதில் மீன் மட்டும்தான் சுட்டது” என்று சொல்ல முடிந்தால் அவர்கள் தயங்காமல் கைவைப்பார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடும் பாட்டிக்கும் அந்தச் சிந்தனை உதவும். கத்தரிக்காய் சுட அவருக்கும் ஒரு சுத்தமான வலை வேண்டும்.

வானுக்குள் நெருப்பு வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். எரியும் கரியையோ அணையும் கரியையோ வானுக்குள், கூடாரத்துக்குள், தறப்பாள் இழுத்து மூடிய இடத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. கரியிலிருந்து காபன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளிப்பார்வைக்கு அணைந்த கரியும் மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டிருக்கும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, அசதி என்று தொடங்கும். பயணக்களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர்கள் எழும்பாமல் போன சம்பவங்கள் கரவன் விடுமுறைகள் பிரபலமான நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. யன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது போதாது.

இது நடப்பது பெரும்பாலும் முட்டாள்தனத்தால் அல்ல. திடீரென்று ஒரு மழை வரும், பாதி வெந்த மீனை விட மனம் வராது, அடுப்பை வான் கதவுக்குள் இழுப்போம். அல்லது சாமத்தில் நாய் இழுத்துவிடும் என்று சாம்பல் தட்டோடு அடுப்பை டிக்கிக்குள் வைத்துப் பூட்டுவோம். போர்க்காலத்தில் தறப்பாளுக்குள் அடுப்பு வைத்துச் சமைத்து வளர்ந்தவர்களுக்கு “அப்போது ஒன்றும் நடக்கவில்லையே” என்றும் தோன்றும். அந்தத் தறப்பாளுக்கு நாலு பக்கமும் ஓட்டை இருந்தது. இன்றைய வான் காற்றுப் புகாமல் பூட்டுகிறது. மழை வந்தால் மீனை எடுங்கள், அடுப்பை விடுங்கள்.

மூடியுள்ள ஒரு பழைய பால்மா டின் கொண்டுபோங்கள். கரி அடங்கி, அடுப்பின் அடி கையால் தொடக்கூடிய அளவு குளிர்ந்தபின் சாம்பலை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அடுப்புக்குள் நேரே கடல்தண்ணீர் ஊற்றினால் தகடு வளையும், துருவும் ஏறும். யாருக்காவது மேற்சொன்ன அறிகுறி தெரிந்தால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் சென்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

எங்கே மூட்டலாம்?

தலவில திருவிழாக் காலங்களில் தேவாலயச் சூழலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கிச் சமைப்பது நீண்டகால வழக்கம். அங்கே இடம் ஒதுக்குவது தேவாலய நிர்வாகம். அவர்கள் காட்டும் இடத்தில் மூட்டுங்கள். மீனவர் வாடிக்குப் பக்கத்தில் வலை, பைபர் படகு, எரிபொருள் கலன் எல்லாம் இருக்கும். கேட்காமல் நெருப்பு மூட்டுவது ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு விளையாடுவது. கேட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள், அன்று பிடித்த மீனும் கிடைக்கும். தென்னந்தோப்புகள் தனியாருக்குச் சொந்தமானவை. களப்போரக் கண்டல் காட்டுக்குள் நெருப்பு வேண்டாம். வில்பத்து பூங்காவில் நினைத்த இடத்தில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம். கரையின் சில பகுதிகளில் கடற்படை இருக்கிறது. கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையும் அவர்களிடம்தான். இரவில் கரையில் நெருப்புத் தெரிந்தால் வந்து விசாரிப்பார்கள். அந்தச் சங்கடம் வேண்டாதவர்கள் விடுதி வளவுக்குள்ளேயே சுடலாம்.

அதே அடுப்போடு அநுராதபுரம் தாண்டி மன்னாருக்கோ வன்னிக்கோ போகிறவர்கள் இன்னொன்றை நினைக்கவேண்டும். 2009 இல் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலையைத் தொடர்ந்து செய்துவந்திருக்கின்றன. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் மேலே மூட்டும் நெருப்பின் சூட்டிலும் வெடிக்கக்கூடியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. குழி தோண்டி நெருப்பு மூட்டுவதை அவர்கள் படத்தில் பார்த்திருப்பார்கள். பற்றைக்குள் இறங்கவேண்டாம், குழி தோண்டவேண்டாம், நிலத்தில் நேரே மூட்டவேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இல்லை என்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. ஆட்கள் தினமும் புழங்கும் வளவில், காலுள்ள அடுப்பில் மட்டும் சமையுங்கள். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் பொலிசாரிடம் சொல்லுங்கள்.

யாருக்கு எது?

ஒரு முறை வந்துபோகும் குடும்பம் வெளிநாட்டிலிருந்து அடுப்புச் சுமக்கவேண்டாம். மூடியும் மடக்குக் காலும் உள்ள சாதாரணக் கரி அடுப்பை நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ வாங்கி, போகும்போது ஊரில் யாருக்காவது கொடுத்துவிடலாம். வருடாவருடம் வருகிறவர்களும் இங்கேயே வாகனம் வைத்திருப்பவர்களும் 304 எவர்சில்வரில், இரண்டு வலையோடு வாங்கலாம், அல்லது வெல்டிங் கடையில் செய்விக்கலாம். கைக்குழந்தையோ தேநீர் இல்லாமல் இருக்கமுடியாத பெரியவரோ இருந்தால் அதோடு ஒரு குப்பி அடுப்பும் வேண்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் ஒரு பெரிய அடுப்பைவிட இரண்டு சின்ன அடுப்பு நல்லது. ஒன்று மீனுக்கு, ஒன்று மரக்கறிக்கு.

வாங்கியதும் நேரே கடற்கரைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு முற்றத்தில் ஒருமுறை வெறும் கரியை மூட்டிப் பாருங்கள். புதுப்பூச்சின் மணம் அங்கேயே போய்விடும். கால் ஆடுகிறதா, மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா, கரி வெளுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதெல்லாம் கற்பிட்டிக் காற்றில் நின்று கண்டுபிடிக்கவேண்டிய விடயங்கள் அல்ல.